ஏக்கருக்கு எட்டு மூட்டை

சென்னியப்பன் எழுதிய குறிப்பு எதுவும் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. தாலுக்கா அலுவலகத்தில் மற்ற எழுத்தர்களின் கோப்புகள் மேலே போகும், ஓரத்தில் 'பேசவும்' என்னும் சிவப்பு மை எழுத்தோடு இறங்கி வரும், மறுபடியும் ஏறும். சென்னியப்பனுடையது காலையில் போனால் மாலைக்குள் கையெழுத்தோடு மேசைக்கு வந்துவிடும். கேரள எல்லையோரம், வடகரப்பதிப் பக்கத்து மொட்டப்பாறையில் பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் பின்னாளில் தாமே முயன்று கற்றுக்கொண்டவர் அவர். அந்தச் சிற்றூரிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

அவருடைய முறை எளிது. கோப்பில் நூறு தாள் இருக்கலாம். முடிவெடுப்பவரின் கண்ணுக்குப் போக வேண்டியது ஒரே தாள். எதைத் தீர்மானிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் தீர்மானிக்க வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே எழுதிவிடுவார். பிறகு நான்கைந்து வரிகளில் நடந்த விவரம். தேவையானால் ஒரு சிறு அட்டவணை. அதற்குக் கீழே செய்யத்தக்க வழிகள், ஒவ்வொன்றாலும் விளையக்கூடியவை, முடிவில் பரிந்துரை. "மனு கொடுத்தவரின் பாட்டனாரிலிருந்து தொடங்குகிறவன் கலெக்டரைத் தூங்கவைக்கிறான்" என்று சக எழுத்தர்களிடம் சொல்வார். அது வெறும் பெருமையன்று, உண்மையுங்கூட. ஒரு நாளைக்கு அறுபது கோப்புகளைப் பார்க்கும் அதிகாரி, முதல் பத்து வரிகளுக்குள் பிடிகிடைக்காத கோப்பை ஒதுக்கி வைத்துவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மனு வந்தது. மொட்டப்பாறையில் வீடும், மாநில எல்லைக்குக் கிழக்கே வயலுமாக வாழும் பதினொரு குடும்பத்தார் கொடுத்தது. மாநிலங்கள் பிரிந்தபோது கோடு வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. பல ஆண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நெல் கடத்தலைத் தடுக்கச் சாவடி போட்ட பிறகுதான் தொல்லை தொடங்கியது. சொந்த வயலில் விளைந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டியும் கடத்தல் வண்டியும் சாவடிக்காரர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன.

இரு மாவட்டக் கலெக்டர்களும் எல்லையருகே உள்ள பயணியர் மாளிகையில் கூடி ஒரு வழி காண்பதாக ஏற்பாடாயிற்று. யோசனை எளியது. ஏக்கருக்கு இவ்வளவு விளையும் என்று ஓர் அளவை நிர்ணயித்துவிட்டால், அதுவரை தடையில்லாமல் கொண்டுவரலாம். அதற்கு மேல் இருப்பது வாங்கிக் கடத்தும் நெல் என்று கொள்ளப்படும். ஆகவே எல்லாம் அந்த ஓர் எண்ணையே பொறுத்திருந்தது. அந்த எண்ணை விசாரித்துக் குறிப்பு எழுதும்படி தாசில்தார் சென்னியப்பனிடம் ஒப்படைத்தார். அவர் பிறந்த ஊராயிற்றே!

சைக்கிளில் போய் இறங்கியபோது முதலில் எதிர்ப்பட்டவர் நஞ்சப்பன். மாமன் முறை, சென்னியப்பனைக் கண்டால் கேலி செய்யாமல் விடமாட்டார்.

"வாங்க மாப்ளே, வாங்க! கவுருமெண்டே சைக்கிள் மிதிச்சுட்டு வருது! ஜீப்பு எங்கீங்க?"

"ஜீப்பு கலெக்டருக்கு மாமா. எனக்கு இதுவே நெம்ப."

"அப்ப நாங்க கலெக்டரு வர்ற அன்னைக்குப் பேசிக்கறோம், போங்க" என்று சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்துக் கட்டிலை இழுத்துப் போட்டார். பதினொரு குடும்பத்தாரும் வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். சென்னியப்பன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொருவராகக் கேட்டார்.

"உங்களுக்கு ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஆவுதுங்க மாமா?"

"என்னத்த ஆவுது? ஒரு எட்டு... எட்டுன்னே போட்டுக்குங்களேன்."

அடுத்தவர் ஏழு என்றார். அதற்கடுத்தவர் நிலம் மேடு என்று இழுத்து, ஏழரை என்றார். ஒருவர் மட்டும் ஒன்பது என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவர் பார்த்த பார்வையில் எட்டாக்கிக்கொண்டார். கடைசியில் பழனாத்தாள், சென்னியப்பனின் உடன்பிறந்த அக்காள். கணவர் இறந்து ஆறாண்டாக இரண்டு ஏக்கரைத் தானே நின்று பயிரிடுகிறவள். அவளும் எட்டு என்றாள்.

"அக்கா, போன தையில உன்ற களத்துல நின்னு நானே பாத்தனே?"

"அட, வாயை மூடு சாமி!" என்று பழனாத்தாள் பதறினாள். "பயிரு பொதிகட்டி நிக்குது. அதுக்குக் காதில்லையா? இப்பப் போய் வாய்விட்டுச் சொல்லுவாங்களா? உனக்குத் தெரியாததா? பாத்து எழுதிக்கோ."

சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். "ஆமாமா, மாப்ளைக்குத் தெரியாததா! பாத்து எழுதிக்குவாரு" என்றார் நஞ்சப்பன்.

உண்மையில் அவருக்குத் தெரியும். கதிர் வயலில் நிற்கும்போது விளைச்சலை உள்ளபடி சொன்னால் கண்பட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்தார் நம்பிக்கை. கேட்பவர் யாராயினும் பாதியைச் சொல்வார்கள். கேட்பவர் அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால் பாதியை முழுதாக்கிப் புரிந்துகொள்வார். பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும்கூடப் பேச்சு அப்படியே நடக்கும், எவரும் ஏமாந்ததில்லை. எட்டு என்றால் பதினாறுக்குக் குறையாது. கிணற்றுப் பாசனத்தில் நல்ல ஆண்டில் பதினெட்டு. பதினொரு பேரும் பாதியைச் சொன்னதே, எழுதுகிறவன் நம் ஆள் என்ற தைரியத்தில்தான்.

அன்று பிற்பகலே அலுவலகத்தில் அமர்ந்து குறிப்பை எழுதினார். அட்டவணையில் பதினொரு பெயர்கள், பதினொரு எண்கள், சராசரி ஏறக்குறைய எட்டு. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இப்படி ஒரு வாக்கியம் எழுதினார்: 'இவ்வூரார் பயிர் நிற்கும் காலத்தில் விளைச்சலை உள்ளபடி சொல்லார், கண்ணேறுக்கு அஞ்சிப் பாதியாகக் குறைத்தே சொல்வர், ஆதலால் இவ்வெண்களை இருமடங்காகக் கொள்ள வேண்டும்.'

எழுதிய பின் அதைப் படித்துப் பார்த்தார். முகம் சூடேறியது.

கண்ணேறு என்பதற்கு அவர் போட்டிருந்த ஆங்கிலச் சொற்கள் தாளில் அசிங்கமாகத் துருத்திக்கொண்டு நின்றன. தாசில்தார் அதைப் படிக்கும்போது உதட்டோரம் எப்படிச் சுழியும் என்பது அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் மணிக்கட்டில் அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறு இருந்தது. "பாண்டிக்காரனுக்கு ஆபீசிலும் பேய்ப் பயமா?" என்று மலையாள எழுத்தர் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அன்று இடைவேளையில் அந்தக் கயிற்றை அறுத்துப் போட்டவர், அதன்பின் பதினாறு ஆண்டுகளாகத் தம் ஊரின் எந்த நம்பிக்கையையும் அலுவலகத்தில் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது கலெக்டர் படிக்கும் தாளில், 'என் மக்கள் கண்ணேறுக்கு அஞ்சிப் பொய் சொல்கிறவர்கள்' என்று தாமே எழுதுவதா? சொந்த ஊராருக்காக எண்ணை இரட்டிப்பாக்கினான் என்ற பேச்சும் வரும். அட்டவணையில் அக்காளின் பெயர் வேறு இருக்கிறது.

பக்கத்து மேசை அப்துல் ஷுக்கூர் எட்டிப் பார்த்தார். பாலக்காட்டுக் கடைவீதியில் தலைமுறையாக நெல் வாங்கி விற்கும் குடும்பத்திலிருந்து வந்தவர்.

"என்னண்ணே இது, எட்டு மூட்டையா? எட்டு மூட்டைக்கு எவன் கெணறு வெட்டுவான்? எங்க அத்தா கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாரு."

"நேரில் போய் விசாரித்தவன் நான்" என்றார் சென்னியப்பன், எழுத்து நடையிலேயே. "நெல் வியாபாரிகளின் கணக்கு வேறு, அரசாங்கக் கணக்கு வேறு."

ஷுக்கூரின் சிரிப்பு நின்றது. "சரிண்ணே. உங்க ஊரு, உங்க மூட்டை. நமக்கென்ன?" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

சென்னியப்பன் புதுத் தாள் எடுத்துக் குறிப்பைப் பிரதி செய்தார். அந்த வாக்கியம் மட்டும் பிரதியில் ஏறவில்லை. அது இல்லாததால் குறிப்பு ஒரு பக்கத்துக்குள் அழகாக அடங்கியது. தாசில்தார் படித்துவிட்டு, "மதியெடோ, இது மதி! இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்" என்று மலையாளமும் தமிழும் கலந்து பாராட்டினார்.

பயணியர் மாளிகையில் சென்னியப்பன் கோப்புடன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கலெக்டர் வடநாட்டு இளைஞர், வேகமாகப் படிப்பவர். அட்டவணையில் விரலை வைத்து, தலையைத் திருப்பாமலே ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்த எண்கள் எங்கிருந்து வந்தவை?"

விடுபட்ட வாக்கியத்தை அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். அவர் ஊர்க்காரர் வேறு யாரும் அந்த அறையில் இல்லை.

"நான் நேரில் விசாரித்தவை, சார்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. எதிரே இருந்த அடுத்த மாவட்டக் கலெக்டர் பெருந்தன்மையாக, "ஒன்பதாகவே வைத்துக்கொள்வோமே" என்றார். கால் மணி நேரத்தில் ஆணை கையெழுத்தாயிற்று. "நல்ல குறிப்பு, தெளிவாக இருக்கிறது" என்று கலெக்டர் தாளைத் தட்டிச் சொன்னார். வீடு திரும்பும் பேருந்தில் சென்னியப்பன் அந்தப் பாராட்டை நினைத்துக்கொள்ள முயன்றார். நினைக்கும்போதெல்லாம் அக்காளின் 'பாத்து எழுதிக்கோ' குறுக்கே வந்தது. ஒன்பது மூட்டை என்பது முடிந்த முடிவன்று, தேவையானால் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். திருத்துவதற்குரிய நாட்கள் இரண்டு மாதம் இருந்தன. அறுவடை வரை அவர் எதையும் எழுதவில்லை.

தை பிறந்து இரண்டாவது வாரம், வழக்கமான தபாலோடு ஒரு பட்டியல் அவர் மேசைக்கு வந்தது. எல்லைச் சாவடியில் அனுமதித்த அளவுக்கு மேல் நெல் ஏற்றிவந்த பதினொரு பேர், நெல் பறிமுதல், வண்டிகள் நிறுத்திவைப்பு, கடத்தல் வழக்குப் பதியப் பரிந்துரை. மேலே தாசில்தார் கையெழுத்தில் 'சென்னியப்பன் குறிப்புடன் சமர்ப்பிக்கவும்' என்று இருந்தது. பட்டியலின் முதற்பெயர் பழனாத்தாள். இரண்டு ஏக்கரில் விளைந்தது முப்பத்தாறு மூட்டை. முதல் நாள் பதினெட்டு மூட்டை தடையின்றிக் கடந்துவிட்டது. மறுநாள் வந்த பதினெட்டும் கடத்தல் நெல்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தையில் அப்படி ஒரு மழையை அந்த வறண்ட பக்கத்தார் கண்டதில்லை. சாவடியில் கூரையுள்ள இடம் ஓர் அறைதான் என்பது சென்னியப்பனுக்குத் தெரியும்.

அன்றே மொட்டப்பாறைக்குப் போனார். இந்த முறை நஞ்சப்பன் கேலி பேசவில்லை. பழனாத்தாள் வாசலில் நின்றிருந்தாள்.

"வா சாமி. என்னமோ சாவடியில தப்பாப் படிச்சுப்போட்டாங்க போல. பதினெட்டுன்னு நீ எழுதினதை அவங்க ஒம்பதுன்னு வெச்சுட்டுப் பேசறாங்க. உன்ற காயிதத்தைக் கொண்டாந்து காட்டு, விட்டுருவாங்க."

இரண்டு நாளாக அவள் ஊராருக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். தம்பி சரியாகத்தான் எழுதியிருப்பான் என்று.

"அக்கா, நான் எட்டுன்னுதான் எழுதினேன்."

"எட்டுன்னா?"

"நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

பழனாத்தாள் அவரையே பார்த்தாள். கோபம் வந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். "எட்டுன்னு சொன்னா எட்டுன்னே எழுதுவாங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

நஞ்சப்பனுக்கு விளங்கிவிட்டது. "மாப்ளே, உங்க ஆபீசுல வெளியூர்க்காரன் ஒருத்தனும் இல்லையா? அவனை அனுப்பிச்சிருந்தா நாங்க சொன்னதை நம்பாம களத்துல வந்து நின்னு எண்ணிப் பாத்திருப்பான். நம்மூட்டு ஆளு வந்தானேன்னு நாங்க சும்மா இருந்தோம்."

"மாமா..."

"தெரியாம எழுதிட்டீங்களா, தெரிஞ்சே எழுதினீங்களா? அதை மட்டும் சொல்லீட்டுப் போங்க."

சென்னியப்பன் தலை குனிந்து நின்றார்.

அலுவலகத்தில் தாசில்தார் ஒரு வழி வைத்திருந்தார். "விவசாயிகள் பொய்யான தகவல் தந்தார்கள் என்று எழுது. கள்ளத்தரம் அவர்களுடையது, புரட்டு அவர்களுடையது. நீ கேட்டாய், அவர்கள் சொன்னார்கள். நீ என்ன செய்வாய்?" அதுவும் ஒரு வகையில் உண்மைதான். அப்படி எழுதினால் சென்னியப்பனுக்கு ஒரு கீறலும் விழாது. பதினொரு பேருக்கும் வழக்கு உறுதியாகும். நெல் ஏலத்துக்குப் போகும்.

அவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகளில் குறிப்பு எழுத அவருக்குப் பேனா தடுமாறியதில்லை. முதல் வாக்கியம்: பறிமுதல் செய்த நெல்லை விடுவிப்பதா என்பதை நாளைக்குள் தீர்மானிக்க வேண்டும், மழையில் நெல் நனைந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது வாக்கியம்: ஏக்கருக்கு எட்டு மூட்டை என்று முந்தைய குறிப்பில் கண்ட அளவு தவறு, அது தவறு என்பதை எழுதும்போதே எழுதியவர் அறிவார். அதன்பின் அந்தப் பழக்கத்தை மூன்று வரிகளில் விளக்கினார். முன்பு தாளில் அசிங்கமாகத் தெரிந்த அதே ஆங்கிலச் சொற்களையே இட்டார். இப்போது அவை வெறும் செய்தியாக நின்றன; சொல்லியிருந்தால் அன்றும் அப்படித்தான் நின்றிருக்கும். அதை உணர்ந்தபோதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

ஷுக்கூர் வந்து பக்கத்தில் நின்றார். ஏதோ சொல்லத்தான் வந்தார், தாளைப் படித்ததும், "ரெண்டாவது வரியை இப்படித்தான் எழுதணுமாண்ணே? 'பின்னர் தெரியவந்தது'ன்னு போட்டா ஆகாதா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பின்னர் தெரியவரவில்லை, ஷுக்கூர்."

அன்று நெல் வியாபாரிகளைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். ஷுக்கூர், "அதெல்லாம் அப்பவே மறந்தாச்சுண்ணே" என்றார். மறந்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலையில் கலெக்டர் அவரை அழைத்தார். குறிப்பு மேசைமேல் இருந்தது.

"அன்று நான் கேட்டபோது உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும், சார்."

"ஏன் சொல்லவில்லை?"

"வெட்கமாக இருந்தது, சார்."

கலெக்டர், அடுத்த மாவட்டத்தோடு தொலைபேசியில் பேசுவதாகச் சொன்னார். ஆனால் இந்த முறை எண்ணை வெறும் வாய்ச்சொல்லாக ஏற்க முடியாது. ஒவ்வொரு விவசாயியும் உண்மை விளைச்சலைச் சொல்லிக் கையொப்பமிட்ட தாள் மாலைக்குள் வேண்டும் என்றார். "நீங்களே போய் வாங்கி வாருங்கள்" என்று முடித்தார். அது எவ்வளவு கடுமையான தண்டனை என்பது கலெக்டருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

களத்தில் பதினொரு பேரும் வரிசையாக வந்து, விளைந்ததை உரக்கச் சொல்லி, சென்னியப்பன் எழுதிய தாளில் கையெழுத்தோ ரேகையோ வைத்தார்கள். தலைமுறைகளாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத எண்கள். இன்னும் அறுக்காத பின்பட்டப் பயிர் சிலருக்கு வயலில் நின்றது. அவர்கள் சொல்லும்போது குரல் அடங்கியது; பெண்கள் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பழனாத்தாள் தன் முறை வந்ததும், "முப்பத்தாறு" என்று மட்டும் சொல்லிக் கட்டைவிரலை நீட்டினாள். மையில் தோய்த்து அழுத்துவதற்கு அவள் விரலைப் பிடித்தபோது அது சில்லென்று இருந்தது.

வழக்கு இல்லை என்றும் நெல்லை விடுவிப்பது என்றும் மூன்றாம் நாள் ஆணை வந்தது. சென்னியப்பனுக்குத் தனியாக ஓர் ஆணை வந்தது: கண்டனம், தபால் பிரிவுக்கு மாற்றம், இனிக் குறிப்பு எழுதும் பொறுப்பு இல்லை. அந்தத் தபால் மேசையில் அவர் ஏழாண்டு இருந்தார். மறுபடியும் குறிப்பு எழுதும் வாய்ப்பு வந்தபோது அவருடைய அட்டவணைகளில் புதிதாக ஒரு பத்தி இருந்தது. எண் யார் சொன்னது, எந்த நிலையில் சொன்னது என்பதற்கான பத்தி. அதனால் அவருடைய குறிப்புகள் ஒரு பக்கத்தைத் தாண்டின. சில திரும்பியும் வந்தன. இளைய எழுத்தர்கள், "இவர் ஒரு காலத்தில் நன்றாக எழுதுவாராம்" என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தத் தையில், ஊரார் நெல்லை எடுக்கப் போன நாளில் சென்னியப்பனும் விடுப்பெடுத்துச் சாவடிக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை. மூட்டைகள் முற்றத்தில் அடுக்கியிருந்தன. மேலே மட்டும் தார்ப்பாய். அடியில் கிடந்தவை மண்ணோடு ஊறிப்போயிருந்தன. பழனாத்தாளின் பதினெட்டில் மூன்று மூட்டைகளில் சாக்கின் இழைகளுக்கிடையே வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. அவள் சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

சாவடி எழுத்தர் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். "பெரிசா ஒண்ணுமில்லைம்மா, ரேகை வெச்சுட்டுப் போங்க."

பழனாத்தாள் தாளை வாங்கித் தம்பியிடம் கொடுத்தாள். "என்ன எழுதியிருக்குதுன்னு படி."

'மேற்கண்ட நெல் முழுவதையும் நல்ல நிலையில், குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று அவர் படித்தார். படித்த குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"நல்ல நிலையில் என்பதை அடித்துவிட்டு, மூன்று மூட்டை முளைவிட்டிருக்கிறது என்று எழுத வேண்டும்" என்றார்.

"அடிக்கிறதாவது! அச்சடிச்ச ஃபாரம் சார் இது. எல்லாரும் இதுலதான் வெச்சுட்டுப் போறாங்க. மாத்தணும்னா இன்ஸ்பெக்டர் வரணும்."

"வரட்டும்."

இன்ஸ்பெக்டர் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது. மற்றப் பத்து வண்டிகளும் பூட்டியபடி நின்றன. மாடுகள் நுகத்தடியில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. மற்றவர்களுக்கும் முளைவிட்ட மூட்டைகள் இருந்தன. ஆனால் அவர்களுக்கு வேண்டியது வீடு போய்ச் சேர்வது. நெல்லை உலர்த்த வேண்டிய வெயில் வீணாகிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து, சலிப்போடு அந்த வரியை அடித்து, ஓரத்தில் சென்னியப்பன் சொன்னபடி எழுதிச் சுருக்கொப்பமிட்டார். அதனால் யாருக்கும் ஒரு மணி நெல் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நஞ்சப்பன் நுகத்தடியில் கை வைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ளே" என்றார், சத்தமில்லாமல். "இந்தக் கறாரை அன்னைக்குக் காட்டியிருக்கலாமில்லீங்க?"

சென்னியப்பன் தாளை வாங்கி அக்காளிடம் நீட்டினார். பழனாத்தாள் ரேகை வைத்து, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முன்வண்டியில் ஏறினாள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கே திரும்பின. எந்த வண்டியிலும் சென்னியப்பனை யாரும் ஏறிக்கொள்ளச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் கடைசி வண்டிக்குப் பின்னால் சற்றுத் தூரம் நடந்தார். பிறகு நின்று, வண்டிச் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து, பேருந்து வரும் பாதைக்குத் திரும்பினார்.